நாற்றமில்லாத வழி

இருபத்தாறு நாட்களில் பதினோரு முறை செய்தாயிற்று. பதினோரு முறையும் மெர்சியின் நோட்டில் கடைசி வரி ஏறக்குறைய ஒன்றுதான். வரவேண்டியதில் கால் பங்கு.

ஒரு கிராம் அளவில் செய்தபோது எண்பத்தெட்டு சதவீதம் வந்தது. அதைக் கட்டுரையாக எழுதி அனுப்பினார்கள். பத்திரிகையிலிருந்து பதில் வந்தது. வழி நன்றாக இருக்கிறது, இதையே பத்து கிராம் அளவில் செய்து காட்டுங்கள், முப்பது நாள் தருகிறோம் என்று. அதில் இன்னும் நான்கு நாள் மிச்சம். கட்டுரை வெளிவராமல் ஆய்வேட்டைக் கொடுக்க முடியாது. மெர்சி வேலூரில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்து மூன்று வருடம் முடிந்திருந்தது.

பாஸ்பரஸோடு கந்தகத்தைச் சேர்க்கும் வேலை அது. பூச்சிமருந்து, எஞ்சின் ஆயில், சில மாத்திரைகள், எல்லாவற்றிலும் அந்தப் பிணைப்பு உண்டு. பழைய முறைக்குக் குளோரின் ஏறிய பாஸ்பரஸ் வேண்டும், லிட்டர் கணக்கில் கரைப்பான் வேண்டும், தயால் என்ற கந்தகச் சேர்மம் வேண்டும். தயால் பாட்டிலைத் திறந்தால் தெருக்கோடி வரை நாறும். மெர்சியின் வழியில் இதெல்லாம் கிடையாது. கந்தகத்தூள், ஒரு பாஸ்பைட், ஒரு அமீன், தண்ணீர். முதல் படியில் கந்தகம் பாஸ்பரஸில் ஏறி உப்பாக நிற்கும். இரண்டாவது படியில் ஒரு புரோமைடைச் சேர்த்தால் உப்பு எண்ணெயாக மாறி அடியில் தங்கும். கடைசியில் மிச்சம் இருக்கும் அமீனைக் கழுவ நீர்த்த அமிலம் ஊற்ற வேண்டும். அவ்வளவுதான். கட்டுரையின் தலைப்பிலேயே 'நாற்றமில்லாத' என்ற சொல் இருந்தது. அதைப் போட்டவள் மெர்சி.

அவளுடைய வழிகாட்டி பேராசிரியர் கோதண்டபாணி. மூட்டு அறுவை சிகிச்சை முடிந்து இரண்டு மாதமாகக் கணியம்பாடியில் வீட்டோடு இருந்தார். தினமும் மாலை ஆறரைக்குப் போன் செய்வார். அதற்குள் மெர்சி ஆம்பூரில் வீட்டுக்கு வந்து சேர்ந்திருப்பாள்.

"ஆசிட் ஊத்தும்போது முட்டை நாத்தம் வந்துச்சாம்மா?"

"இல்ல சார்."

"லேசாகூட?"

"இல்ல சார்."

"அப்போ ரெண்டாவது ஸ்டெப் முழுசா முடிஞ்சிருக்கு. முடியலன்னா உப்பு மிச்சம் நிக்கும். ஆசிட் பட்டதும் ஹைட்ரஜன் சல்பைடு கெளம்பும். மெஷினே வேணாம், மூக்கு சொல்லிடும். நாத்தம் இல்லன்னா தப்பு முதல் ஸ்டெப்லதான். கந்தகத்தை மாத்திப் பாரு."

மாற்றினாள். பிறகு அமீனை மாற்றச் சொன்னார். பிறகு பாஸ்பைட்டைக் காய்ச்சி வடித்துப் போடச் சொன்னார். பிறகு சூட்டைக் குறைக்கச் சொன்னார், அப்புறம் கூட்டச் சொன்னார். ஒவ்வொரு முறைக்கும் இரண்டு நாளுக்கு மேல் ஆயிற்று. கிடைக்கும் கொஞ்ச எண்ணெயைப் பரிசோதிக்க வேறு ஊருக்கு அனுப்பினால் பத்து நாள் கழித்துப் பதில் வரும். பொருள் சரி, சுத்தமாக இருக்கிறது என்று. சரியான பொருள்தான். கால் பங்கு.

"எங்கயோ சின்னதா ஒண்ண பாக்காம உட்றோம்மா," என்பார் கோதண்டபாணி. திட்டமாட்டார். திட்டினால் தேவலை என்று மெர்சிக்கு இருக்கும்.

சித்திரை வெயில். வேலூரில் பகல் பதினொரு மணிக்கே தார் ரோடு செருப்பில் ஒட்டியது. கல்லூரியின் பழைய கட்டிடத்தில் கடைசி அறைதான் அவளுடைய ஆய்வகம். மற்றவர்கள் புதுக் கட்டிடத்துக்குப் போய்விட்டார்கள். நச்சுப்புகையை வெளியே இழுக்கும் புகைக்கூண்டு இங்கே மட்டும் இருந்ததால் அவள் தங்கிவிட்டாள். அதன் விசிறி பழசு, சத்தம் போடும் அளவுக்கு இழுக்காது. லேப் கோட்டைப் போட்டுக்கொண்டு உள்ளே நின்றால் முதுகில் வியர்வை கோடாக இறங்கும். ரெண்டு நாளைக்கு ஒரு முறை அந்தக் கோட்டைப் பிளாஸ்டிக் கவரில் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுவருவாள். குளியலறையில் அழுக்குத்துணி ஊறும் பச்சை பக்கெட்டில் போட்டுவிடுவாள். அப்பாவின் சட்டைகளும் அதிலேயே ஊறும். காலையில் ஷூ கம்பெனிக்குப் போகுமுன் அம்மா அலசிப்போடுவாள்.

சண்டை அந்தப் பக்கெட்டிலிருந்துதான் ஆரம்பித்தது.

அப்பா இருதயராஜ் இருபத்தேழு வருடம் தோல் கம்பெனியில் சுண்ணாம்பு செக்‌ஷனில் வேலை பார்த்தவர். தோலிலிருந்து முடி கழிய சுண்ணாம்பும் சல்பைடும் போட்டு டிரம்மில் சுற்றும் இடம் அது. போன மார்கழியில் மாடிப்படி நான்கு ஏறுவதற்குள் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்து, இனி அந்தப் பக்கமே போகக்கூடாது என்றார்கள். அம்மா மரியம்மாள் அவரை மாதா படத்துக்கு முன் நிறுத்தி, கையை வைத்துச் சத்தியம் வாங்கினாள். தை மாதத்திலிருந்து அவர் ஃபினிஷிங்கில் இருந்தார். காய்ந்த தோலைத் தட்டி அடுக்கும் வேலை. மூன்று மாதம் வீட்டில் நாற்றம் இல்லை. பிறகு வந்தது.

"இன்னாய்யா இது," என்று ஒரு காலையில் மரியம்மாள் ஈரச் சட்டையைத் தூக்கிக்கொண்டு சமையற்கட்டுக்கே வந்தாள். "சுண்ணாம்புக்குப் போனியா?"

"நான் ஏன் போறேன்?"

"சட்ட சொல்லுதே."

"சட்டைக்கு வாய் இருக்குதா?"

"உனுக்குதான் வாய் ஜாஸ்தி. ரஃபி பாய் கூப்ட்டிருப்பாரு. ஆள் கம்மின்னு சொல்லியிருப்பாரு. உடனே தோஸ்துக்காக எறங்கிட்டிருப்ப."

"ஏய், நான் இருக்கறது ஃபினிஷிங்கு. நாத்தம் எங்கேர்ந்து வரும்? கால்வாய்லேர்ந்து வருதோ என்னமோ."

"இருவத்தேழு வருசமா உன் சட்டையத் தோய்க்கிறேன். கால்வாய் நாத்தம் எது, சுண்ணாம்பு நாத்தம் எதுன்னு எனுக்குத் தெரியாது?"

மெர்சி பஸ்ஸுக்கு நேரமாகி, நின்றபடி இட்லி தின்றுகொண்டிருந்தாள். அம்மா சட்டையை அவள் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"நீ மோந்து பாருடி. நீ படிச்சவ. சொல்லு."

மெர்சி குனிந்து மோந்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். மரியம்மாள் கோபமாக மட்டும் இல்லை, பயந்துபோயும் இருந்தாள்.

"ஆமா," என்றாள் மெர்சி. "லேசா."

இருதயராஜ் மகளைப் பார்த்தார். டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

மெர்சிக்கு எந்த வாசனையும் தெரியாது. நான்கு வருடத்துக்கு முன் கொரோனா இரண்டாம் அலையில் மூன்று பேரும் படுத்தார்கள். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் பதினைந்து நாளில் வாசனை திரும்பியது. அவளுக்கு வரவில்லை. வரும் என்று காத்திருந்தாள். வருமா என்று கேட்க வெட்கப்பட்டாள். அந்த வீட்டில் அது பெரிய இழப்பாகவும் தெரியவில்லை. பின்புறம் தோல் கம்பெனிகளின் கழிவுநீர்க் கால்வாய். ரயிலில் போகிறவர்கள் ஆம்பூர் வந்ததும் மூக்கைப் பொத்துவார்கள். கல்லூரியில் அவள் வகுப்புக்குள் நுழைந்தால் பின் பெஞ்சிலிருந்து ஒருத்தி, "ஆம்பூர் வந்துடுச்சு, ஜன்னலத் தொற" என்பாள். அதற்காகவே மெர்சி தினமும் ரெண்டு தரம் குளித்து, பையில் பவுடர் டப்பா வைத்திருப்பாள். வாசனை போனபிறகு அந்தக் கவலை போய்விட்டது. தன் மேல் நாறுகிறதா என்று தெரியாமல் இருப்பது ஒரு நிம்மதியாக இருந்தது.

ஆராய்ச்சியில் சேர்ந்தபோது சொல்லலாம் என்றுதான் நினைத்தாள். அந்த வருடம் அவளோடு பூவரசன் என்று ஒருவனும் சேர்ந்தான். கொரோனாவில் வாசனை போய்விட்டது என்று முதல் நாளே சொன்னான். கோதண்டபாணி அவன் முதுகில் தட்டிக்கொடுத்து, கந்தக வேலைக்கு மூக்கு வேண்டும், இல்லாவிட்டால் ஆபத்து என்று சொல்லிக் கணினி வேலைக்கு மாற்றிவிட்டார். நல்ல மனதோடுதான் செய்தார். பூவரசன் அங்கே சந்தோஷமாக இருப்பதாகவும் சொன்னான். மெர்சி அன்று மாலை சொல்லலாம் என்று இருந்தாள். அன்று சொல்லவில்லை. மறுநாள் சொல்லவில்லை. அவளுக்குக் கையால் செய்யும் வேலைதான் பிடித்தது. குடுவையில் கந்தகத்தின் மஞ்சள் கரைந்து நிறமற்றுப் போவதைப் பார்க்கப் பிடித்தது. அதை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

மற்றதெல்லாம் சமாளிக்க முடிந்தது. ஒருமுறை அம்மா இரவு ஷிஃப்ட்டில் இருந்தபோது மெர்சி கத்திரிக்காய்க் குழம்பைச் சோற்றில் ஊற்றித் தின்றுவிட்டாள். இருதயராஜ் ஒரு வாய் வைத்ததும் துப்பினார்.

"இன்னாம்மா, ஊசிப்போயிருக்குது. நீ எப்படி தின்ன?"

"பசிப்பா."

"பசின்னா இப்படியா," என்று அவர் சிரித்தார். அப்போது சிரிக்க முடிந்தது.

வெள்ளிக்கிழமை மரியம்மாள் அரைநாள் லீவு போட்டுவிட்டு இருதயராஜின் கம்பெனி கேட்டுக்குப் போனாள். உச்சி வெயில். டீ குடிக்க வந்த ஆட்கள் ஏழெட்டுப் பேர் நிழலில் நின்றிருந்தார்கள். சூப்பர்வைசர் ரஃபி அகமது வெளியே வந்தார்.

"பாய், நெஜத்த சொல்லுங்க. அவர சுண்ணாம்புக்குக் கூப்ட்டிங்களா?"

"இல்ல மரியம்மா. அவன் ஃபினிஷிங்ல இருக்கறான். தலைக்கு மேல ஃபேன், பக்கத்துல தண்ணி கேன். மாப்ள கணக்கா வச்சிருக்கோம்."

"அப்போ சட்டையில நாத்தம் எப்படி வருது?"

"என் சட்டையிலயும்தான் வருது. என் வீட்ல கேக்கறதில்லியே."

நிழலில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

"சிரிங்க," என்றாள் மரியம்மாள். "மூச்சு நின்னா நீங்களா வந்து ஊதுவீங்க? எம்பொண்ணே மோந்து பாத்துட்டு ஆமான்னு சொல்லிச்சு. அது சயின்ஸ் படிக்கிறது."

ரஃபி அகமது சிரிப்பை நிறுத்தினார். "இரும்மா, அவனையே கூப்பிடறேன்," என்றார்.

கூப்பிட வேண்டியிருக்கவில்லை. இருதயராஜ் ஃபினிஷிங் கூடத்தின் ஜன்னலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். வெளியே வரவில்லை.

அன்று இரவு அவர் வீட்டில் சாப்பிடவில்லை. பஜாரில் குஸ்கா தின்றுவிட்டு வந்து படுத்துக்கொண்டார். மரியம்மாள் சுடச்சுட வைத்த கருவாட்டுக் குழம்பை மூடிவைத்தாள். சத்தியம் செய்துவிட்டுப் பொய் சொல்கிற மனிதனுக்கு இதுவே அதிகம் என்றாள், சுவரைப் பார்த்து.

மெர்சி பாயில் படுத்தபடி பன்னிரண்டாவது முறையை நினைத்துக்கொண்டிருந்தாள். அப்பா பொய் சொல்கிறார் என்றே அவளும் நம்பினாள். அம்மாவின் மூக்கு தப்பாகாது. ஆனால் தன் 'ஆமா' எதை வைத்துச் சொன்னது என்று நினைக்கும்போதெல்லாம் புரண்டு படுத்தாள்.

சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு அட்டெண்டர் துரைசாமி பழைய கட்டிடத்தைப் பூட்ட வந்தார். அவர் எப்போதும் துண்டால் மூக்கை மூடிக்கொண்டுதான் வருவார். தூசிக்காக என்று மெர்சி நினைத்திருந்தாள்.

"இன்னும் எவ்ளோ நேரம் ஆவும்மா?"

"ஆசிட் வாஷ் மட்டும்தாண்ணே. ஒரு மணி நேரம்."

"சீக்கிரம் முடி. நிக்க முடியல. ஒரு மாசமா இதே பேஜார். நான் டிரெய்னேஜ்தான் ஒடஞ்சிபோச்சுன்னு நெனச்சி ரெண்டு தபா கம்ப்ளெய்ன்ட் எழுதிக் குடுத்தேன். ஆள் வந்து நோண்டிப் பாத்துட்டு, குழா நல்லாதான் இருக்குதுன்னு என்னத் திட்டிட்டுப் போறான்."

மெர்சி கையிலிருந்த பிப்பெட்டைக் கீழே வைத்தாள்.

"இன்னா நாத்தம்ணே?"

"இன்னா நாத்தமா? அழுவின முட்ட. உனுக்கு ஒண்ணும் பண்லியா?"

"பழகிடுச்சு."

"அதான பாத்தேன். ஆம்பூர்க்காரங்களுக்கு இது சந்தனம்," என்று சொல்லிவிட்டு துரைசாமி வாசல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

அலமாரியின் கீழ்த்தட்டில் லெட் அசிடேட் பாட்டில் இருந்தது. பி.எஸ்ஸி. முதல் வருடத்தில் உப்புப் பகுப்பாய்வுக்குப் பயன்படுத்தியது. மெர்சி வடிதாளைக் கீற்றாக வெட்டி அதில் நனைத்தாள். குடுவையின் வாய்க்கு மேலே ஒரு கிளிப்பில் மாட்டினாள். ஹைட்ரஜன் சல்பைடு பட்டால் தாள் கறுக்கும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் தெரியும். இருபத்தாறு நாளில் அவளுக்கு இது தோன்றவில்லை. தோன்றியிருந்தால் எதற்கு இந்தத் தாள் என்று தன்னையே கேட்க வேண்டியிருந்திருக்கும்.

அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டாள். எட்டாவது சொட்டில் தாளின் ஓரம் பழுப்பானது. இருபது எண்ணுவதற்குள் முழுதும் கறுத்து, தோசைக்கல்லில் தீய்ந்த ஓரம்போல் மினுமினுத்தது.

இரண்டாவது படி முடியவில்லை. ஒரு முறைகூட முடிந்திருக்கவில்லை. பத்து கிராமுக்கு இன்னும் நான்கு மணி நேரம் கூடுதலாகக் கலக்கியிருந்தால் போதும். முதல் நாளே நாறியிருக்கிறது. தினமும் கோதண்டபாணி போனில் கேட்டிருக்கிறார், அவள் தினமும் இல்லை என்றிருக்கிறாள்.

குடுவையை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் ஸ்டூலில் உட்கார்ந்தாள். ஒரு கிராம் அளவில் செய்த நாட்களை நினைத்தாள். அப்போது நாறியதா. தெரியாது. 'நாற்றமில்லாத' என்று எழுதியபோது அவளுக்கு என்ன தெரிந்திருந்தது. ஒன்றும் தெரிந்திருக்கவில்லை.

இன்னொரு கீற்றை நனைத்தாள். கோட்டைக் கழற்றிச் சுருட்டி, கவரில் போட்டு, தாளை உள்ளே வைத்து முடிந்தாள். கோட்டின் வலது கை எப்போதும் குடுவையின் கலவையில் கொஞ்சம் நனையும். பத்து நிமிடம் கழித்துப் பிரித்தாள். தாள் டீ நிறத்துக்கு வந்திருந்தது.

பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. பள்ளிகொண்டா வரை சூடான காற்று முகத்தில் அடித்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் மாதனூரில் வேறு இடத்துக்கு மாறி உட்கார்ந்தாள். கவர் மெர்சியின் மடியில் இருந்தது.

வீட்டில் இருதயராஜ் கட்டிலில் உட்கார்ந்து பையில் துணி அடுக்கிக்கொண்டிருந்தார். மரியம்மாள் சமையற்கட்டு வாசலில் நின்றிருந்தாள்.

"குடியாத்தத்துல தங்கச்சி வீட்ல கொஞ்ச நாள் இருக்கறேன்," என்றார் மெர்சியிடம். "அங்கேர்ந்தே வேலைக்குப் போய்க்கிறேன்."

"போவட்டும்," என்றாள் மரியம்மாள். "அங்கயும் ஒருத்தி சட்ட தோய்ப்பா. அவளுக்கும் மூக்கு இருக்குது."

"அப்பா, இருப்பா."

"உங்கம்மா சொன்னத நான் பெருசா எடுத்துக்கல பாப்பா. அவ பயந்தவ. நிழலப் பாத்தா பேய்ம்பா. நீ சொன்ன பாரு, அதான். மோந்து பாத்துட்டு, நிதானமா, ஆமா லேசான்ன. கேட்ல அவ அதச் சொன்னப்போ ஒருத்தன்கூட சிரிக்கல. ரஃபி பாயே என்ன ஒரு மாதிரி பாக்கறாரு. நான் அந்தப் பக்கம் கால் வைக்கல. எத்தினி தபா சொல்றது?"

மெர்சி கவரைப் பிரித்துக் கோட்டை எடுத்தாள்.

"நாத்தம் இதுலேர்ந்து வருதும்மா. அப்பா சட்டையிலேர்ந்து இல்ல. ரெண்டும் ஒரே பக்கெட்ல ஊறுச்சு."

மரியம்மாள் வந்து கோட்டை வாங்கினாள். மூக்கருகே கொண்டுபோகக்கூட இல்லை. கையை நீட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"அடிப்பாவி. இது நாறாதுன்னு நீதான சொன்ன? தண்ணியிலயே செய்யறோம், நாத்தமே கெடயாதுன்னு தெருவெல்லாம் சொல்லிகினு இருந்தேனே நான்."

"நாறுதும்மா."

"இத ஒரு மாசமா தூக்கிகினு வர்ற, உனுக்குத் தெரியல?"

மெர்சி காலிக் கவரை மடித்தாள்.

இருதயராஜ் பையிலிருந்து கையை எடுத்தார். "அது கெடக்கட்டும். கோட்டுலதான் நாத்தம்னா அன்னிக்கு என் சட்டைய மோந்துட்டு ஆமான்னு ஏன் சொன்ன?"

"பக்கெட்ல ஒட்டியிருக்கும்," என்றாள் மரியம்மாள், குரல் இறங்கி.

"நான் அவளக் கேக்கறேன்."

மெர்சியின் போன் அடித்தது. ஆறரை. அது அடித்துக்கொண்டே இருந்தது. இருதயராஜ் அவளையே பார்த்தார். அவள் எடுத்துக் காதில் வைத்தாள்.

"பன்னெண்டாவது என்னாச்சும்மா?" என்றார் கோதண்டபாணி. அவர் குரல் களைத்திருந்தது. "ராத்திரியெல்லாம் யோசிச்சேன். எப்படிப் பார்த்தாலும் ரெண்டாவது ஸ்டெப்தான் இடிக்குது. ஆனா நீ நாத்தம் இல்லன்ற. தப்பா நெனச்சுக்காத, கடைசியா ஒரு தடவை கேக்கறேன். ஆசிட் ஊத்தும்போது வாசன வந்துச்சா?"

"சார்," என்றாள் மெர்சி. அப்பாவைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "எனக்கு வாசன தெரியாது சார். கொரோனா வந்ததுலேர்ந்து நாலு வருசமா எந்த வாசனையும் தெரியாது. ஆசிட் ஊத்தும்போதும் தெரியல. எங்கப்பா சட்டைய மோந்தப்பவும் தெரியல."